காதுக்கு வாங்கி, வாய்க்குப் பொருத்துவது

புது ஹெட்செட் வாங்கிய பயிற்சி விமானி, பெட்டியைப் பிரித்த கையோடு அதைத் தலையில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொள்வார். ஹாங்கரில் ஓடும் பெரிய மின்விசிறியின் உறுமல் சட்டென்று அடங்கும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஆயிரம் டாலரைத் தாண்டிய செலவுக்கு அந்தச் சிரிப்பு நியாயம்தான். செஸ்னா விமானங்களில் பல ஆண்டுகளாகப் பறக்கக் கற்றுக்கொடுத்துவரும் ஒரு பயிற்றுநர், அந்தச் சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, "சரி தம்பி, மைக் எங்கே இருக்கு?" என்று கேட்பார். அநேகமாக அது நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் தாடைக்குக் கீழே தொங்கும்.

ஹெட்செட் விளம்பரங்கள் முழுக்கக் காதைப் பற்றிப் பேசுகின்றன. எத்தனை டெசிபல் குறைகிறது, எத்தனை கிராம் எடை, புளூடூத் உண்டா இல்லையா. வானில் வந்து சேரும் தொல்லைகளோ மைக், பிளக், இரண்டு மூன்று குமிழ்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன என்பது அவருடைய அனுபவம். அதனால் அவர் புது ஹெட்செட்டை எஞ்சின் ஓடாத விமானத்தில், தரையில், பேட்டரிகூடப் போடாமல் தொடங்கிவைப்பார். மாணவர்களுக்கு இது பிடிக்காது.

அவர் கற்றுக்கொண்ட காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃப்ளையிங் கிளப்புகளில் அப்போது புஷ்பக் இருந்தது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டி 1958இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட, துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானம். 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சினுக்கும் விமானியின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு, அவ்வளவுதான். பயிற்றுநர் பக்கத்து இருக்கையிலிருந்து கத்துவார்; கத்தியது கேட்காவிட்டால் தொடையில் தட்டுவார். காதில் பஞ்சை அடைத்துக்கொள்வது வழக்கம். இரைச்சலை அது எவ்வளவு தடுத்ததோ, பயிற்றுநரின் திட்டுகளை மட்டும் நன்றாகத் தடுத்தது.

இதற்கும் முந்தைய தலைமுறைக்குக் குழாய் இருந்தது. முதல் உலகப் போரின்போது, 1917இல், இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் பயிற்சிப் பள்ளி நடத்திய ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையில் வாய்ப்புனலைப் பொருத்தி, மறுமுனையை மாணவரின் தொப்பிக் காதுகளில் இணைத்தார். திறந்த காக்பிட்டில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பறந்தவர்கள் பேசிக்கொண்டது அதன் வழியாகத்தான். மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது, பழுதாக ஒன்றுமே கிடையாது. டைகர் மாத் பயிற்சி விமானங்களின் காலம்வரை அது நிலைத்தது. பிறகு கைமைக்கும் கூரை ஒலிபெருக்கியும் வந்தன. 1970களின் நடுவில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிலிருந்து டேவிட் கிளார்க் நிறுவனத்தின் பச்சை நிற ஹெட்செட்டுகள் சிறு விமானங்களுக்கு வரத் தொடங்கியபோதுதான் காதை மூடிக்கொண்டு பறப்பது வழக்கமாயிற்று. இன்றும் பல பயிற்சிப் பள்ளிகளின் அலமாரியில் அந்தப் பச்சைக் கிண்ணங்கள்தான் வரிசையாகத் தொங்குகின்றன. மிதித்தாலும் உடையாது என்பது அவற்றுக்கு மாணவர்கள் வழங்கிய சான்றிதழ்.

காதை மூடாமல் பறந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். சிறு விமானத்தின் காக்பிட்டில் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டி நிற்கும். தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல் வரைதான் காது தாங்கும் என்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்திறனை. விமானிகளுக்கான முதல்நிலை மருத்துவச் சோதனையில் சர்வதேச விதி பார்ப்பது 500, 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸ்களை மட்டும்: முதல் மூன்றில் இழப்பு 35 டெசிபலையும், 3,000இல் 50 டெசிபலையும் தாண்டக் கூடாது. ஆகவே 4,000இல் பள்ளம் விழுந்த காதோடு ஒருவர் பல ஆண்டுகள் தேர்ச்சி பெற்றுக்கொண்டே போகலாம். புஷ்பக் காலத்து ஆட்கள் பலருடைய வரைபடத்தில் அந்தப் பள்ளம் இருக்கிறது, அவருடையதிலும் இருக்கிறது. உரிமத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வீட்டில் பிரஷர் குக்கர் விசில் எண்ணும் வேலையை மட்டும் அவரிடம் கொடுப்பதில்லை.

இரைச்சலை எதிர்-இரைச்சலால் அழிக்கும் யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார்; அமெரிக்கக் காப்புரிமை 1936இல் வந்தது. செய்துகாட்ட அன்றைய மின்னணுவியலால் முடியவில்லை. 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் போன விமானத்தில் அமர் போஸ் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர், பயணிகளுக்குக் கொடுத்த இயர்போனை மாட்டிப் பார்த்து, எஞ்சின் ஓசையில் பாட்டே கேட்கவில்லை என்று வெறுத்துப்போய், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த வங்காளி ஒருவரின் மகன் அவர். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், வானிலும் எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது அவர்கள் தலையில் இருந்தது போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி. 1989இல் அது விற்பனைக்கு வந்தது. அதே பத்தாண்டில் லுஃப்தான்சா கேட்டுக்கொண்டதன் பேரில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் விமானிகளுக்காக இதே வழியில் இறங்கியிருந்தது. பாட்டுக் கேட்பவர்களுக்கு முன்பே இந்தச் சாதனம் விமானிகளுக்குக் கிடைத்தது என்பதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை.

எதை அழிக்கிறது என்பதைக் கணக்கோடு சொல்வது அவர் பழக்கம். செஸ்னா 172 நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடுகிறதென்றால் நொடிக்கு 40 சுற்று. புரொப்பெல்லருக்கு இரண்டு இதழ்கள். நொடிக்கு 80 வீச்சு. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அதுவும் நொடிக்கு 80. இரண்டும் 80 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த ஓசையின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். இரண்டு விரல் தடிமன் உள்ள நுரைக் கிண்ணத்தால் அதைத் தடுக்க முடியாது. காற்றின் சீறல் போன்ற உயர்ந்த ஓசைகளின் அலைநீளம் சில சென்டிமீட்டர்தான். அவற்றைக் கிண்ணமே பார்த்துக்கொள்ளும். ஆகவே வேலைப் பங்கீடு இப்படி: மேல்தட்டு ஓசை கிண்ணத்துக்கு, அடித்தட்டு உறுமல் மின்சுற்றுக்கு. கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு மைக் உறுமலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் வழியே விடும். ஏ.என்.ஆர். என்று விமானிகள் சொல்வது இதைத்தான்.

இரண்டு வேலைக்கும் பொதுவான ஒரு தேவை, காதைச் சுற்றிக் காற்றுப் புகாத மூடல். பொருத்துவது என்பது முழுக்க அந்த மூடலைத் தேடுவதுதான். முதலில் இரண்டு பக்கக் கம்பிகளையும் முழுதாக நீட்டி, கிண்ணங்களைக் காதில் வைத்து, பிறகு தலைப்பட்டை உச்சந்தலையில் லேசாக உட்காரும்வரை குறைக்கச் சொல்வார். பட்டையில் தொங்கக் கூடாது. தாடையிலும் அழுந்தக் கூடாது. வாயைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கொட்டாவி விடச் சொல்வார். கொட்டாவியில் மூடல் பிரிந்தால் வானொலியில் பேசும்போதும் பிரியும். பேஸ்பால் தொப்பியின் உச்சியில் இருக்கும் சிறு பொத்தான் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும். அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம், தொப்பிக்கு ஒன்றும் ஆகாது.

கண்ணாடிக் காம்புதான் பெரிய எதிரி. தடித்த பிளாஸ்டிக் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சந்து வைத்துவிடும். சந்து சிறியதானாலும் உறுமல் உள்ளே வரும். அதை அழிக்க மின்சுற்று திணறும்போது காதுக்குள் 'தம், தம்' என்று அழுத்தம் மாறுவதுபோல் இருக்கும். புது ஹெட்செட்டில் கோளாறு என்று புகார் சொல்பவர்களில் பலரிடம் அவர் முதலில் சொல்வது கூலிங் கிளாஸைக் கழற்று என்றுதான். மெல்லிய கம்பிக் காம்புள்ள கண்ணாடிக்கு மாறினால் சிக்கல் தீரும். மாணவிகளிடம் கம்மலைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது என்பார். திருகாணி காதுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் மெத்தை அதைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்தும். முதல் பத்து நிமிடம் தெரியாது. ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் சர்க்யூட் பயிற்சியின் கடைசிச் சுற்றில், தரையிறங்கும் நேரத்தில், அந்த வலிதான் மனதில் இருக்கும். உயரமாகச் சுற்றிய கொண்டையும் இதே போலத்தான். பின்னலைத் தாழ்த்திப் போட்டால் பட்டை ஒழுங்காக உட்காரும்.

மூடலைச் சோதிக்க எளிய வழி: எஞ்சின் ஓடும்போது விரல் நுனியை மெத்தைக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பது. ஓசை பெரிதாக மாறினால் மூடல் நன்றாக இருந்தது என்று பொருள். மாறவில்லை என்றால் எங்கோ ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. கடலோர ஊர்களின் வியர்வையில் மெத்தையின் தோல் ஓரிரு வருடத்தில் உரியத் தொடங்கும். அப்போது புது மெத்தை வாங்குவதை விட்டுவிட்டுப் புது ஹெட்செட் வாங்க ஓடுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

அடுத்தது பிளக்குகள். சிறு விமானத்தில் இரண்டு: தடித்தது காதுக்கு, 6.35 மில்லிமீட்டர், மெலிந்தது மைக்குக்கு, 5.2 மில்லிமீட்டர் அளவு. ஹெலிகாப்டரில் ஒற்றைப் பிளக், ஏர்பஸ்ஸில் ஐந்து ஊசிகள் கொண்ட வேறொன்று. மாற்றி வாங்கிவிட்டு அடாப்டர் தேடுகிறவர்கள் உண்டு. இரண்டு பிளக்கையும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். மெலிந்த பிளக் பாதி நுழைந்து நின்றால் கட்டுப்பாட்டு டவர் பேசுவது கேட்கும், நாம் பேசுவது போகாது. இது மோசமான நிலை, ஏனென்றால் காது நன்றாக வேலை செய்வதால் சந்தேகமே வராது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு காதில் மட்டும் ஓசை வந்தால் பெரும்பாலும் பழுதல்ல. ஹெட்செட்டில் இருக்கும் ஸ்டீரியோ-மோனோ சுவிட்ச், மோனோ வயரிங் உள்ள பழைய விமானத்தில் ஸ்டீரியோவில் நிற்கிறது.

இப்போது மைக். பயிற்றுநர் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். இந்த மைக்கிலும் இரைச்சல் அழிப்பு இருக்கிறது, ஆனால் வேறு முறையில். முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. தூரத்து எஞ்சின் ஓசை இரண்டு துளையிலும் சமமாக நுழைந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். உதட்டை ஒட்டிய குரல் மட்டும் முன்துளையில் பலமாகவும் பின்துளையில் மெலிதாகவும் விழுவதால் பிழைத்துப் போகும். மைக்கை மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? குரலும் தூரத்து ஓசையாகிவிடும். எஞ்சினோடு சேர்த்து அதையும் மைக் ரத்து செய்யும். கத்தினால் சரியாகாது. கத்துகிறவரைப் பார்த்து டவர் "மீண்டும் சொல்லுங்கள்" என்றுதான் சொல்லும்.

உதட்டிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர், வாயின் ஓரத்தில். நேர் எதிரே வைத்தால் மூச்சுக் காற்று 'புஸ்' என்று அடிக்கும். அளவுகோல் எடுத்துக்கொண்டு யாரும் பறப்பதில்லை என்பதால் அவர் சொல்லும் வழி, உதட்டைக் குவித்தால் நுரை உறை தொட வேண்டும். குரல் நுழைய வேண்டிய பக்கத்தில் பல மைக்குகளில் ஒரு புள்ளி இருக்கும். அது உதட்டைப் பார்க்க வேண்டும். மைக்கைத் தாங்கும் பூம் கம்பியைத் திருப்பி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியவர்கள் மைக்கையும் திருப்ப மறந்தால், துளைகள் இரண்டும் இடம் மாறி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். நுரை உறை தொலைந்துபோனால் அப்படியே பறக்கக் கூடாது. காற்றும் எச்சிலும் மைக்கைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பேசும்போது நம் குரல் நம் காதிலேயே திரும்பக் கேட்கும். சைட்டோன் என்பார்கள். புதியவர்கள் இதை ஒரு அலங்காரமாக நினைக்கிறார்கள். பட்டனை அழுத்திப் பேசும்போது சைட்டோன் வரவில்லையென்றால், குரல் எங்கோ அறுந்துபோகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. ஏ.என்.ஆர். உள்ள ஹெட்செட்டில் காது நன்றாக மூடப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து நம் குரல் வராது. சைட்டோன் மட்டுமே சாட்சி.

குமிழ்களில் முதலாவது ஒலியளவு. ஹெட்செட்டில் உள்ள குமிழை உயர்த்தி வைத்துவிட்டு, வானொலியிலும், காக்பிட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமிலும் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் அவர் முறை. காதுக் கிண்ணத்தில் இருக்கும் குமிழ் தோள்பட்டையிலும் இருக்கைப் பட்டையிலும் உரசி, யாரும் அறியாமல் திரும்பிவிடும். "சார், ரேடியோ செத்துப்போச்சு" என்று மாணவர் பதறும்போது பாதி நேரம் குற்றவாளி அந்தக் குமிழ். இரண்டாவது, இன்டர்காமின் ஸ்குவெல்ச். குரல் வரும்போது மட்டும் மைக்கைத் திறக்கும் வாசல் அது. தளர்வாக வைத்தால் எஞ்சின் ஓசை எல்லார் காதிலும் ஓயாமல் கொட்டும். இறுக்கினால் வாக்கியத்தின் முதல் சொல் வெட்டுப்படும். "இடது பக்கம் விமானம்" என்பதில் 'இடது' போய்விட்டால் மிஞ்சுவது எதற்கு? ஆகவே எஞ்சின் ஓடும்போதுதான் இதைத் திருத்த வேண்டும்: சீறல் கேட்கும்வரை திறந்து, அடங்கும் இடத்துக்குச் சற்றே மேல் நிறுத்த வேண்டும். இங்கே ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மே மாத வெயிலில் தரையில் ஓட்டிச் செல்லும் டாக்ஸியின்போது ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடியாது. புரொப்பெல்லர் காற்று மைக்கில் அடிக்க, ஸ்குவெல்ச் வாசல் திறந்தே கிடக்கும். உடனே குமிழை இறுக்குவார்கள். மேலே ஏறி ஜன்னலை மூடியதும் பயிற்றுநரின் பாதிப் பேச்சு காணாமல் போகும். ஜன்னலை மூடியபின் ஒருமுறை மீண்டும் திருத்த வேண்டும்.

பேசும் பட்டனில் ஒரு விரல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றிலேயே கொடிய எடுத்துக்காட்டு இருக்கிறது என்று சிலர் சொல்வதைப் பயிற்றுநர் திருத்துகிறார்: டெனெரிஃபே விமான விபத்தில் பட்டன் ஒட்டவில்லை; இருவர் ஒரே நேரத்தில் பேசினார்கள். 1977 மார்ச் 27 அன்று மூடுபனியில் கே.எல்.எம். ஜம்போ ஓடுபாதையில் ஓடத் தொடங்கியிருந்தது. டவரும், அதே ஓடுபாதையில் டாக்ஸி போய்க்கொண்டிருந்த பான் ஆம் விமானமும் ஒரே சமயம் பேச, கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது ஒரு கீச்சொலி. "நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்" என்ற செய்தி அந்தக் கீச்சொலிக்குள் புதைந்தது. 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல, இதுவும் அவற்றில் ஒன்று. விமான வானொலி இன்றும் அதே முறையில், ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் என்றுதான் இயங்குகிறது. பட்டன் சிக்கிய ஒரு பயிற்சி விமானம் போதும், ஒரு விமான நிலையத்தின் முழு அலைவரிசையையும் ஊமையாக்க. பேசி முடித்ததும் வானொலிப் பெட்டியில் 'டி.எக்ஸ்' என்ற எழுத்து அணைந்ததா என்று ஒரு பார்வை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இதெல்லாம் முடிந்தபின்தான் ஏ.என்.ஆர். சுவிட்ச். அங்கேதான் அவருடைய உண்மையான கவலை தொடங்குகிறது.

அமைதி சுகமானது. களைப்பைக் குறைக்கிறது, டவரின் பேச்சைத் தெளிவாக்குகிறது, காதைக் காக்கிறது. அதே அமைதி விமானம் சொல்லும் சிலவற்றையும் சேர்த்து விழுங்குகிறது. 2007இல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. இதைப் பற்றி விமானிகளுக்கு ஒரு தகவல் குறிப்பே வெளியிட்டது: இந்த ஹெட்செட்டுகளை அணியும்போது எச்சரிக்கை ஒலிகளும் காக்பிட்டின் மற்ற ஓசைகளும் கேட்கின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும் என்று. செஸ்னா 172இல் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை இருக்கிறது. விமானம் தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகும் வேகத்துக்கு 5 முதல் 10 நாட் முன்பே, அந்தத் துளை வழியாக உறிஞ்சப்படும் காற்று ஒரு நாக்கை அதிரவைத்து, ஊதல்போல் ஒலிக்கும். மின்சாரமே வேண்டாத ஏற்பாடு. ஆனால் அது ஹெட்செட்டுக்குள் வருவதில்லை; காக்பிட்டின் மூலையில், காற்றில் ஒலிக்கிறது. கிண்ணத்தைத் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும். பறக்குமுன் விமானத்தைச் சுற்றி வரும்போது அந்தத் துளையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதிப்பது வழக்கம். புது ஹெட்செட் வந்த அன்று அவர் இதை இருவர் வேலையாக்குவார்: ஒருவர் வெளியே உறிஞ்ச, மாணவர் உள்ளே ஹெட்செட்டோடு, ஏ.என்.ஆர். போட்ட நிலையில் உட்கார்ந்து, கேட்கிறதா என்று கையைத் தூக்க வேண்டும். தூரத்தில் நிற்பவர்களுக்கு, ஒருவர் இறக்கையை முத்தமிடுவதுபோல் தெரியும்.

பிறகு வானில், பாதுகாப்பான உயரத்தில், ஏ.என்.ஆர். போட்டபடி ஒருமுறையும் அணைத்து ஒருமுறையும் ஸ்டால் பயிற்சி. அந்த ஊதல் இரண்டு நிலையிலும் எப்படிக் கேட்கிறது என்பது காதில் பதிய வேண்டும். தனியாகப் பறக்கும் முதல் நாளில் புது ஹெட்செட்டுக்கு அவர் அனுமதி கொடுப்பதில்லை. பழகியதே போதும்.

ஊதலைவிட நுட்பமான இழப்பு எஞ்சினின் சுருதி. பழைய விமானிகள் ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) 100 குறைந்தாலே காதால் கண்டுபிடிப்பார்கள். ஏ.என்.ஆர். அழிப்பதோ அந்த 80 ஹெர்ட்ஸ் சுருதியைத்தான். கார்புரேட்டர் உள்ள பழைய 172களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டும். வெளியே 38 டிகிரி வெயில் இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் இது நடக்கக்கூடும். கடலோர ஈரக் காற்றில் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். மாறாத இதழ்க்கோணம் கொண்ட புரொப்பெல்லரில் முதல் அறிகுறி, ஆர்.பி.எம். மெல்ல மெல்லச் சரிவது. காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவிகளைச் சுற்றி வரும் பார்வையில் ஆர்.பி.எம். காட்டும் டாகோமீட்டருக்கு முன்பைவிட அதிக முறை போய்வரச் சொல்கிறார். எஞ்சினின் முரட்டுத்தனம் இருக்கை வழியாகவும் பெடல் வழியாகவும் தெரியும் என்பது உண்மை. சுருதி இறங்குவது அப்படித் தெரியாது.

பெரிய விமானங்களில் சிலர் ஒரு காதை மூடி மறுகாதை விலக்கிவைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையோடு பேசுவார்கள். ஜெட் காக்பிட்டின் ஓசைக்கு அது சரிவரலாம். புரொப்பெல்லர் விமானத்தில் மூடாத காது தினமும் அடி வாங்குகிறது. அதைப் பார்த்துக் காப்பியடிக்கும் மாணவர்களை அவர் விடுவதில்லை. புளூடூத் பாட்டு விஷயத்திலும் கறார்தான். வானொலி வந்தால் பாட்டு தானாக அடங்கும் வசதி இருக்கிறது என்று மாணவர்கள் வாதாடுவார்கள். வானொலிக்கு அடங்கும், ஸ்டால் ஊதலுக்கு அடங்குமா என்பது அவர் பதில்.

விமானத்தைத் தரையில் கட்டிவைத்த பிறகு ஹெட்செட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அடுத்த வாரம் வருந்துவார்கள். மூடிய காக்பிட்டில் வெயில் மெத்தையின் பசையை இளக்கும், பேட்டரியைக் கசியவைக்கும். துடைத்து, வயரை இறுக்காமல் சுருட்டி, நீண்ட நாள் பறக்கப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். நுரை உறைகள் மலிவானவை. கடன் வாங்கிய ஹெட்செட்டில் உறையை மாற்றாமல் பறப்பது அடுத்தவர் பல் துலக்கியை எடுப்பதற்குச் சமம்.

வானில் ஏ.என்.ஆர். செத்தால் பெரிய விஷயமில்லை. பச்சை விளக்கு சிவப்பாகும், உறுமல் திரும்பி வரும், வானொலி பெரும்பாலான ஹெட்செட்டுகளில் தொடர்ந்து கேட்கும். திடீரென்று வரும் அந்த உறுமலை எஞ்சின் கோளாறு என்று நினைத்து மிரளாமல் இருக்கத்தான் தரையிலும் வானிலும் அணைத்துப் பார்ப்பது. பேட்டரியை மாற்றுவதைத் தரையிறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குரலே போகாவிட்டால் வரிசை உண்டு: பிளக்குகளை அழுத்து, குமிழ்களைப் பார், இரண்டாவது வானொலிக்கு மாறு, பக்கத்து இருக்கையின் ஜாக்கில் மாட்டிப் பார். இன்டர்காம் பெட்டியையே அணைத்தும் பார்க்கலாம். பல ஆடியோ பேனல்களில் மின்சாரம் போனாலும் இடது இருக்கை ஹெட்செட் முதல் வானொலியோடு நேரடியாக இணையும்படி வைத்திருக்கிறார்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600, வானொலி செயலிழந்தது என்பதற்கான குறியீடு. பிறகு டவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டு சர்க்யூட்டில் சேர வேண்டும். நிலையான பச்சை, இறங்கலாம். நிலையான சிவப்பு, வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு, இறங்காதே.

அந்த வரிசைக்கு நடுவே அவர் சேர்க்கும் ஒரு படி பெரும்பாலான மாணவர்களின் பையில் இல்லை. அவர் பையில் இருக்கிறது: சுருள் வயரோடு கூடிய பழைய கைமைக் ஒன்று. பேனலின் மைக் ஜாக்கில் மாட்டி, கூரை ஒலிபெருக்கியைப் போட்டால் தலையில் எதுவுமில்லாமலே பேசலாம். புது ஹெட்செட் பாடத்தின் கடைசியில், ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்தக் கைமைக்கில் டவரைக் கூப்பிட்டு ஒலிச்சோதனை கேட்கச் சொல்வார். சற்று எரிச்சலோடு மாணவர் கூப்பிடுவார். 'ரீடபிலிட்டி ஃபைவ்' என்று பதில் வந்ததும் மைக்கை வாங்கித் துடைத்து, வயரைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். "எங்கே சார் கிடைக்கும் இது?" என்று சிலர் கேட்பார்கள். ஹெட்செட் வாங்கின கடையிலேயே, இருக்கிறதிலேயே மலிவான சாமான் அதுதான் என்பார்.